பேர் விழுதல்: மலையக வேலைநாள் இலக்கணம்

1. பெயரும் வரையறையும்

வேலைநாள் என்பது ஒருவருக்குப் பேர் விழும் நாள். நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் 'பேர்' என்ற சொல், பிறந்தபோது வைத்த பெயரோடு, செக்ரோலில் (தோட்டத்து வரவுப் பதிவேட்டில்) பதியப்படும் ஒரு நாள் உழைப்பையும் குறிக்கும். "இந்த மாசம் எத்தன பேரு?" என்று ஒருவர் கேட்டால், வீட்டில் உள்ளோர் தொகையை அவர் கேட்கவில்லை. "இருபத்திரெண்டு" என்று விடை வந்தால், அது கூட்டுக்குடும்பமும் ஆகாது.

பேர் மூவகைப்படும்: முழுப்பேர், அரைப்பேர், ஒன்றரைப்பேர். நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து எடுத்தவருக்கு முழுப்பேர். நிறை குறைந்தவருக்கு அரைப்பேர். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு ஒன்றரைப்பேர். நிர்ணய நிறை தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் மாறும். 18 கிலோ என்பது நெடுங்காலமாகப் பேசப்பட்டு வரும் அளவு. எனவே 17 கிலோவில் ஒரு மனிதர் பாதியாகிறார். மனிதன் என்பவன் யார் என்ற வினாவுக்குத் தத்துவ நூல்கள் இத்தனை பக்கம் எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அவற்றை எழுதியவர்களிடம் தராசு இல்லாமையே.

வேலைநாளுக்கு உறுப்பு ஐந்து: பெரட்டு, பயணம், கூட்டம், குழு, நிறுவை. முதலும் கடையும் தோட்டத்துக்கு உரியன. இடை மூன்றும் தோட்டத்தில் பிறந்து, சாதாரண தரமும் உயர்தரமும் தேறி, நுவரெலியாவில் ஏதோ ஓர் அலுவலகத்தில் மேசை பெற்றவருக்கு உரியன. அவர் இங்கே 'உத்தியோகத்தர்' எனப்படுவார். அவருடைய அம்மா இன்னும் மலைக்குப் போகிறார். ஆகவே ஒரே காம்பராவிலிருந்து (லயத்து அறையிலிருந்து) ஒரே விடியலில் இரண்டு வேலைநாள்கள் புறப்படுகின்றன. ஒப்பியல் ஆய்வுக்கு இதைவிட மலிவான களம் வேறு கிடையாது.

2. பெரட்டு

விடிந்ததும் தொழிலாளர் ஒன்றுகூடி அன்றைய வேலையைக் கேட்டுக்கொள்ளும் நிகழ்வு பெரட்டு. அது நடக்கும் இடம் பெரட்டுக்களம். முன்னாளில் தப்படித்தும் கொம்பூதியும் ஆளெழுப்பினர். கணக்கப்பிள்ளையோ கங்காணியோ முன்னால் நின்று, "நாலாம் நம்பர் மலைக்குக் கொழுந்து, ஏழாம் நம்பருக்குப் புல்லுவெட்டு, மத்த ஆம்பளைங்க கவ்வாத்துக்கு" என்பார். கேட்டவர்கள் நடப்பார்கள். தலைமையுரை, நன்றியுரை, குழுப்படம் ஆகிய மூன்றும் இல்லாமலே அன்று மாலைக்குள் ஒரு மலை பறித்து முடிக்கப்பட்டுவிடுவது பெரட்டின் பெருங்குறை.

சொற்பிறப்பு குறித்து மூன்று நெறிகள் உள. 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல் துரைமார் வாயிலிருந்து இறங்கிப் பெரட்டு ஆயிற்று என்பது முதல் நெறி. எளிதாகவும் பொருத்தமாகவும் இருப்பதால் ஆய்வரங்குகளில் இதற்கு மதிப்பில்லை. உறங்குகிறவரைப் புரட்டி எழுப்புவதால் 'புரட்டு', அது திரிந்து பெரட்டு என்பது இரண்டாம் நெறி. இதற்குச் சான்று ஒன்றுகூட இல்லை. மறுப்பதற்கு எதுவும் அகப்படாததால் இன்றுவரை மறுக்கப்படாமல் நிலைத்திருக்கிறது. விடியலில் கையில் ரொட்டியோடு நிற்பதைக் கண்டு 'பிரெட்' என்பதிலிருந்து பிறந்தது என்பாரும் உளர். இலங்கையில் அது பாண் எனப்படுவதால், அவர் கடல் கடந்து வந்து மூன்று நாள் தங்கிப்போன ஆய்வாளர் என்பது பெறப்படும்.

இவ்விடத்தில் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்தைப் பற்றியும் ஒரு சொல். லயம் என்பது வரிசையைக் குறிக்கும் 'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லா, குதிரை கட்டும் லாயமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. கூரை ஒழுகும் என்பதில் மட்டும் இரு திறத்தாரும் உடன்படுவர். மலையகத்தை ஆராயவந்தோரில் லயத்துக் காம்பராவை அளக்காதவர் அரியர். பத்துக்குப் பன்னிரண்டு அடி என்று ஒருவர் அளந்தார். அவரைச் சரிபார்க்க வந்தவரும் பத்துக்குப் பன்னிரண்டு என்றே அளந்தார். இருவரையும் மறுக்க வந்தவருக்கும் அதே அளவு கிடைத்தது. தலைமுறை தலைமுறையாக ஒரே விடை தரும் இத்தகைய உறுதியான தரவு வேறெந்தச் சமூகவியல் துறைக்கும் வாய்த்ததில்லை. அந்த உறுதியைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே காம்பரா பெருக்கப்படாமல் காக்கப்படுகிறது போலும்.

3. பயணம்

உத்தியோகத்தரின் பயணம் நால்வகை: கால், ஆட்டோ, ரயில், பஸ்.

கால்: லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு இறங்குவதற்கு உரியது. சப்பாத்தைப் பையில் போட்டு, செருப்போடு இறங்கி, சந்திக்கடையில் மாற்றிக்கொள்வது மரபு.

ஆட்டோ: சம்பளம் எடுத்த வாரத்துக்கு உரியது.

ரயில்: 1867இல் ரயில் கண்டிக்கு வந்தது. அதே ஆண்டில்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இவ்விரண்டும் ஒரே ஆண்டில் நேர்ந்ததில் உட்பொருள் உண்டு என்று ஓர் அத்தியாயம் எழுதலாம். இல்லை என்று எழுத ஒரு வரி போதும் என்பதால் அறிஞர்கள் முன்னதையே விரும்புவர். ரயில் ஹட்டனை 1884இலும் நானுஓயாவை 1885இலும் எட்டியது. மலையின் விளைச்சலைத் துறைமுகத்துக்கு இறக்கவே அப்பாதை போடப்பட்டது. உத்தியோகத்தரைக் காலை எட்டரைக்குள் மேசைக்கு ஏற்றுவது அதன் நோக்கங்களுள் இல்லை. நூற்று நாற்பது ஆண்டு கடந்தும் கால அட்டவணை அந்த மூல நோக்கத்துக்கு விசுவாசமாகவே இருக்கிறது. மேலும் பாதை நுவரெலியாவுக்குள் நுழையாமல் நானுஓயாவைத் தொட்டு, 1924இல் பதுளையோடு முடிந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைக்கு ஓடிய ஒடுங்கிய பாதையோ 1940களில் மூடப்பட்டது. எனவே நுவரெலியாவுக்கு ரயிலில் புறப்படுபவர், போகவேண்டிய இடம் நீங்கலாக எல்லா இடத்துக்கும் போகலாம். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள சிங்கமலைச் சுரங்கத்தில் பிள்ளைகள் கூக்குரலிடுவர். கூக்குரலிடாதிருத்தல் நிரந்தர நியமனத்தின் அடையாளம்.

பஸ்: இதுவே ஆராய்ச்சிக்கு உரியது. ஏ7 வீதி அவிசாவளையில் தொடங்கி, ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவை அடையும். இவ்வீதியில் பஸ்ஸுக்காக நிற்பவரின் காலக்கணக்கைப் பற்றி, ஒரு பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் பென்சிலால் எழுதப்பட்ட நூற்பா ஒன்று வழங்குகிறது:

இப்ப வரும்எனும் இடைச்சொற் கிளவி
ஐந்து முதலா ஐம்ப தீறா
நிமிடம் உணர்த்தும், மழைநாள் அதனைக்
கடந்தும் வரூஉம், கடிவரை வின்றே.

என்பது என்னுதலிற்றோ எனின், பஸ் வரும் காலம் உணர்த்துதல் நுதலிற்று. 'இடைச்சொல்' என்றமையால் தனித்து நின்று பொருள் தராமை அறிக. 'ஐம்பது ஈறா' என்று எல்லை கூறிப் பின் 'கடந்தும்' என்றது என்னையெனின், டிக்கெட்டின் கிழிந்த ஓரத்தில் இடம் எஞ்சியிருந்தமையின் என்க. "எறங்கி வருது" என்பது இக்கிளவியின் திரிபு. பஸ் இன்னும் புறப்படவில்லை என்பது அதன் பொருள். "டிரைவர் தேத்தண்ணி குடிக்கிறாரு" என்பது விளக்கம் போல் தோன்றும் வருத்தம். "இப்பத்தான் போச்சு" என்ற ஒன்றே ஐயமற மெய்யானது.

ஏறிய பின் இருக்கை. முன்வாங்கில் மதகுருமாருக்கு என எழுதப்பட்டிருக்கும். அதில் அமர்பவர் ஞானம் பெற்றவராகவோ கண்ணை மூடிக்கொண்டவராகவோ இருத்தல் வேண்டும். வெளியிலிருந்து பார்ப்போருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். நடுவாங்கு நித்திரைக்கு உரியது. சென்கிளயர், டெவன் அருவிகளைக் காண உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆள் வர, அவற்றை ஆண்டுக்கு நானூறு முறைக்கு மேல் கடக்கும் உத்தியோகத்தர் எதிர்ச் சன்னலில் தலை சாய்த்து உறங்குவார். கடைவாங்கில் நாட்டு நிலவரம் அலசப்படும். கடைவாங்கு அறிஞரின் கருத்து எப்போதும் கூர்மையாக இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு குழியிலும் அவர்கள் அரை அடி எழுந்து இறங்குவதே.

வாங்கு கிடைக்காதோர் நிற்பர். இவர்களை ஆளும் சொல் ஒன்றே: "உள்ளுக்குப் போங்க, எடம் இருக்கு." இதைக் கூறுபவர் கண்டக்டர். மலையகத்தில் கண்டக்டர் இருவர்: பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர் ஒருவர், தோட்டத்தில் வெளிக்களத்தை மேற்பார்ப்பவர் மற்றவர், கண்டாக்கையா என்று அழைக்கப்படுபவர். முன்னவர் இல்லாத இடத்துக்கு ஆளை ஏற்றுவார். பின்னவர் இல்லாத கொழுந்தை ஆளிடம் கேட்பார். இருவருக்கும் ஒரே பெயர் அமைந்தது தற்செயல் என்று மொழியியலார் கூறுவர். மொழியியலார் பெரும்பாலும் வாங்கு கிடைத்தவர்கள்.

உயரத்தையும் கணக்கிடல் வேண்டும். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீட்டர். நுவரெலியா 1,868 மீட்டர். இடையிலுள்ள இறக்கங்களைத் தள்ளினாலும், உத்தியோகத்தர் ஒருநாளில் சுமார் 600 மீட்டர் ஏறுகிறார். ஆண்டுக்கு 240 வேலைநாள் என்று கொண்டால் 1,44,000 மீட்டர். எவரெஸ்ட் 8,849 மீட்டர். ஆகவே சாதாரண உத்தியோகத்தர் ஒருவர் கடலோரத்திலிருந்து தொடங்கி ஆண்டுக்குப் பதினாறு முறை எவரெஸ்டின் உச்சியைத் தொட்டு, பதினேழாவது முறை கால்வாசி உயரத்தைத் தாண்டிவிட்ட நிலையில் வருடாந்த லீவு எடுக்கிறார். உச்சியில் கொடி நடுவதில்லை. வரவுப் பதிவேட்டில் கையொப்பமிடுவார். எட்டரைக்கு மேலாயின் சிவப்புக் கோட்டுக்குக் கீழே.

4. கூட்டம்

கூட்டத்தின் வகைகள் வருமாறு. முன்னேற்ற மீளாய்வுக் கூட்டம்: முன்னேற்றம் எங்கே நின்றது என்பதைக் காண்பது. ஒருங்கிணைப்புக் கூட்டம்: ஒருவரையொருவர் காணாதோர் கண்டு, காணாதிருந்த காரணத்தை விளக்குவது. அவசரக் கூட்டம்: மூன்று வாரத்துக்கு முன் அறிவிக்கப்பட்டு இருமுறை பின்போடப்பட்டது. கூட்டத் திகதி நிர்ணயக் கூட்டம்: வரையறை வேண்டாதது.

கூட்டம் பெரட்டிலிருந்து தோன்றியதே என்பதற்கு உடற்கூற்றுச் சான்று போதுமானது. முன்னால் ஒருவர், எதிரே பலர், கையில் பதிவேடு, வெளியே பனி. வேறுபாடு நாற்காலி. பெரட்டில் எல்லோரும் நின்றனர், கால் வலித்தது, பேச்சு சுருங்கியது. நாற்காலி வந்தது, கால் வலி போயிற்று, அது பேச்சுக்குள் புகுந்தது.

கூட்டத்தில் மொழி இரண்டு. நுவரெலியா, அம்பகமுவ முதலியவை சட்டப்படி இரு மொழிப் பிரிவுகள். தலைவர் சிங்களத்தில் ஒரு பகிடி சொன்னால் பாதிப் பேர் சிரிப்பர். பக்கத்து நாற்காலியின் மொழிபெயர்ப்புக்குப் பின் மீதிப் பேர் சிரிப்பர். ஏன் இரண்டாம் முறை சிரிக்கிறார்கள் என்று முதற்பாதி மறுபடி சிரிக்கும். இவ்வாறு ஒரு பகிடி மூன்று முறை பயன்படுவதால், இரு மொழிக் கொள்கை சிக்கனமானது என்பது தேறும்.

இனிக் கூட்டத்தின் உள்ளியக்கம். இதனை விளக்கும் கோட்பாடுகளுள் தலையாயது தேயிலைக் கோட்பாடு. இதன் மூலம் ஒரு நிகழ்ச்சிநிரல் தாளின் ஓரத்தில், பூக்கோலம் ஒன்றுக்கும் தலையில்லாத மாடு ஒன்றுக்கும் நடுவே நீலப்பேனாவில் எழுதப்பட்டிருந்தது. அத்தாள் ஒரு தேத்தண்ணிக் கோப்பையின் அடியில் கண்டெடுக்கப்பட்டதால், வட்டக்கறை மூன்றாம் வரியை மறைக்கிறது. கறைக்கு வெளியே எஞ்சிய எழுத்தைக் கொண்டு அச்சொல் 'முடிவு' என்று கொள்வார் ஒரு சாரார். அதே எழுத்தைக் கொண்டு 'மூடி' என்பார் மறுசாரார். கறையே மூலபாடம், எழுத்து பிற்காலத்து இடைச்செருகல் என்று நிறுவ முயன்ற மூன்றாம் சாரார், கோப்பையைத் திருப்பிக் கேட்டபோது அது கழுவப்பட்டிருந்ததால், வரலாற்றின் பேரிழப்பு என்று தம் முன்னுரையை முடித்துக்கொண்டனர். எஞ்சிய வரிகள் கூறுவது ஒன்றே: கூட்டம் என்பது தேயிலைத்தூள் செய்யும் முறை, கொழுந்துக்குப் பதில் ஆள்.

ஸ்டோரில் (அதாவது தேயிலைத் தொழிற்சாலையில்) கொழுந்து ஐந்து நிலைகளைக் கடக்கும்: வாட்டல், அரைத்தல், நொதிக்கவைத்தல், காயவைத்தல், சலித்தல். கூட்டத்திலும் ஐந்தே.

முதலாவது வாட்டல். பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் நீர். அதைத் தொட்டிகளில் பரப்பிக் காற்றோட்டிப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வாட்டுவார்கள்; அப்போதுதான் இலை முறியாமல் சுருளும். கூட்டத்தில் இது தலைவர் வருவதற்கு முன் நிகழும். ஒன்பது மணிக்கூட்டத்துக்கு ஒன்பதுக்கே வந்தவர் பத்தேகாலில் நன்கு வாடியிருப்பார். எப்படி வளைத்தாலும் முறியமாட்டார். தலைவர் தாமதமாக வருகிறார் என்று குறைகூறுவோர் செய்முறை அறியாதோர். வாடாத கொழுந்தை எந்த டீமேக்கரும் மிசினில் போடார்.

இரண்டாவது அரைத்தல். உருளையில் இலை நசுங்கிச் சாறு வெளிப்படும். கூட்டத்தில் இது சென்ற கூட்ட அறிக்கை வாசிப்பு. சென்ற கூட்டத்தில் எடுத்த முடிவுகள் ஏன் செய்யப்படவில்லை என்று வரிசையாகக் கேட்கப்படும். சாறு வெளிப்படும். "அது என்னுடைய பிரிவுக்கு வராது சேர்" என்பது முதற்சாறு.

மூன்றாவது நொதித்தல். ஸ்டோரில் நொதித்தல் என்று வழங்கினும், வேதியியல்படி அது ஒட்சியேற்றம்: காற்று பட்டு இலை பச்சை மாறிச் செம்பு நிறம் பெறுவது. இதற்கு ஆள் எதுவும் செய்யவேண்டியதில்லை. சும்மா பரப்பி வைத்தால் போதும். கூட்டத்தின் நடுப்பகுதி இவ்வாறே. ஒரு விடயம் மேசையில் பரப்பிவைக்கப்படும், காற்றுப்படும், நிறம் மாறும். நேரம் கடந்தால் சுவை கெடும் என்பது டீமேக்கர் அறிந்த உண்மை, கூட்டத்தார் அறியாத உண்மை. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் என்ற ஒரே கொழுந்து ஆண்டுக்கணக்காக மேசை மேசையாகப் பரப்பப்பட்டு, கடைசியில் 2021இல் சம்பள நிர்ணய சபையின் வழியாகத்தான் தூளாகி வெளியே வந்தது. அதற்குள் அரிசி, மா, மண்ணெண்ணெய் விலை முழுதும் நொதித்திருந்தது.

நான்காவது காயவைத்தல். சூடான காற்றில் ஈரம் மூன்று சதவீதம் அளவுக்கு இறங்கும். கூட்டத்தில் இது புரொஜெக்டர். முதலில் அது இயங்காது. இயங்கியபின் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரியும். தமிழ் எழுத்துருவைக் கணினி அறியாவிடின் சுவரில் தோன்றும் அக்கட்டங்களைப் பிராமிக்கு முற்பட்டவை என்று கொண்டு வாசிக்க முயன்றவர் உளர். அவர் வாசிப்பே அன்றைய தீர்மானமாக ஏற்கப்பட்டது. இத்துடன் அவையில் ஈரம் என ஒன்றும் எஞ்சாது.

ஐந்தாவது சலித்தல். தூள் சல்லடையில் இறங்கித் தரம் தரமாகப் பிரியும். பேசுவோரும் அவ்வாறே பிரிவர். ஓ.பி. என்பது நீண்டு முறுகிய முழு இலை: பார்க்க அழகு, சாயம் மெலிவு. இவ்வகைப் பேச்சாளர் வரலாற்றுப் பின்னணியில் தொடங்குவார். முதற்குடியேற்றத்து 1823ஐத் தொட்டு, கோப்பிக்கால நோயைக் கடந்து, நேரம் முடிந்ததென்று சீட்டு வரும்போது 1931இல் நிற்பார். பி.ஓ.பி. என்பது உடைந்த இலை: நடுத்தரச் சாயம். இவர் நடுவில் நிறுத்தப்பட்டவர். நிறுத்தப்பட்ட இடத்திலிருந்தே அடுத்த கூட்டத்தில் தொடருவார். பி.ஓ.பி.எப். இன்னும் சிறியது: "இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்பவர். கடைசித் தரம் டஸ்ட். மலிவு, ஆனால் வெந்நீர் பட்டவுடன் கறுத்துச் சாயமிறங்கும். கதவோரம் நின்று, "சேர், கடைசி பஸ் நாலரைக்கு" என்று சொல்லும் பியோன் இத்தரத்தவர். அந்த நான்கு சொல்லில் அவை முழுதும் எழுந்து நிற்கும். மற்றத் தரங்கள் எவற்றிலும் இந்த வீரியம் காணப்படவில்லை.

விளைச்சல் விகிதத்தில் மட்டும் கோட்பாடு சற்று இடறுகிறது. ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் கிடைக்கும். அப்படியாயின் நாலரை மணி நேரக் கூட்டத்துக்கு ஒரு மணி நேரப் பயனாவது தேற வேண்டும். தேறுவது அடுத்த கூட்டத்தின் திகதி. இம்முரண்பாட்டைத் தீர்க்க நிலையம் எதுவும் இல்லை. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 1925இல் தொடங்கியது, வேர், மண், பூச்சி, கொப்புள நோய் எல்லாம் ஆராய்கிறது, கூட்டத்தைத் தொடுவதில்லை. உத்தியோகத்தரின் பஸ் தினமும் தலவாக்கலையைக் கடந்தே போகிறது என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. ஏன் குறிப்பிடத்தக்கது என்பது மேலும் ஆய்வுக்கு உரியது. மலையகம் பற்றிய எந்த ஆய்வும் "மேலும் ஆய்வு தேவை" என்ற வாக்கியம் இல்லாமல் நிறைவுறாது என்பதால், அவ்வாக்கியம் இவ்விடத்தில் வைக்கப்பட்டது.

கூட்டத்தில் வழங்கப்படும் தேத்தண்ணி: அங்கர் மாவும் டஸ்டும் சேர்ந்தது. உலகின் நல்ல தேயிலை விளையும் மலையின் நடுவே அது விளைந்ததற்கான தடயம் கோப்பையில் காணப்படவில்லை. நல்ல தூள் கொழும்பு ஏலத்துக்குப் போய்விடும்.

மதிய உணவு: உண்டு.

5. குழு

குழு என்பது கைபேசியில் வட்ஸ்அப் வழியாக நடக்கும் கூட்டம். கூட்டத்துக்கு வராதோர் இதில் கூட்டத்தில் இருப்பர். கூட்டத்துக்கு வந்தோரும், மேசைக்கடியில் கைபேசியை வைத்து, இதிலேயே இருப்பர்.

ஏனைய நாடுகளில் குழுவின் எல்லையைக் கருத்து வேறுபாடு வகுக்கும். மலைநாட்டில் மலையே வகுக்கும். பல லயங்களில் சிக்னல் கிடையாது. ஸ்டோருக்கு மேலே உள்ள ஒரு பாறையிலோ, கோயில் மேட்டிலோ, ரோட்டின் குறிப்பிட்ட ஒரு வளைவிலோதான் எட்டும். பஸ் அவ்வளைவில் திரும்பும் நொடியில், காலையில் கேட்கப்பட்ட கேள்வி, மத்தியானம் வந்த விடை, பின்னேரம் மூண்ட சண்டை, அட்மின் செய்துவைத்த சமாதானம் ஆகிய நான்கும் ஒருசேர வந்து விழும். எனவே தோட்டத்து உத்தியோகத்தர் எந்தச் சண்டைக்கும் சாட்சியாவதில்லை. எல்லாச் சண்டைக்கும் வரலாற்றாசிரியர் ஆகிறார்.

குழுச்செய்தி நால்வகை: ரோசாப்பூவுடன் காலை வணக்கம், விண்ணப்ப முடிவுத் திகதி கடந்த வேலைவாய்ப்பு, மரண அறிவித்தல், அந்த மரண அறிவித்தலுக்குத் தவறுதலாக இடப்பட்ட கைதட்டல்.

நெடிய விவாதம் எழுவது பெயர் பற்றி. சனத்தொகைக் கணக்கெடுப்பு நெடுங்காலமாக 'இந்தியத் தமிழர்' என்று எழுதிவந்தது. இந்திய வம்சாவளித் தமிழர் என்பார் சிலர். மலையகத் தமிழர் என்பதே சரி என்பார் பலர். 1823இல் முதற்குடியேற்றம் என்று கொண்டு 2023இல் இருநூறு ஆண்டு நினைவுகூரப்பட்டபோது இவ்விவாதம் இரவு பகலாக நடந்தது. இது வெறும் சொற்சண்டை என்று தள்ளுவதற்கில்லை: 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பல இலட்சம் பேரை நாடற்றவராக்கியது; எந்தப் பட்டியலில் எப்பெயரில் எழுதப்பட்டோம் என்பதன் விலையை இம்மலை அறியும். எனினும் ஆய்வு முறைப்படி ஒன்று கூறவேண்டும். அரங்கில் பெயருக்காக வாதாடும் அறிஞர், அரங்குக்கு வந்ததற்கு முழுப்பேர் பெறுவார். பெயர் எதுவானாலும் சரி என்று மலையில் நிற்பவர், தராசு சொல்லும் வரை தமக்கு முழுப்பேரா அரைப்பேரா என்பதை அறியார்.

6. நிறுவை

வேலைநாளின் கடைசி உறுப்பு நிறுவை. கொழுந்துச் சாக்கு தராசில் தொங்கும், முள் ஆடும், கணக்கப்பிள்ளை ஓர் எண் சொல்வார். மழைநாளாயின் தண்ணிக்கழிவு, சாக்குக் கழிவு என்று சில கிலோ குறையும். மழையை இலை குடித்ததா, ஆள் குடித்ததா என்ற நுட்பம் இங்கு ஆராயப்படுவதில்லை.

எடுத்துக்காட்டுக் கணக்கு ஒன்று. அம்மா எடுத்த கொழுந்து 19 கிலோ என்க. கழிவு 2 கிலோ. எஞ்சியது 17. விழுந்த பேர் அரை. உத்தியோகத்தர் அன்று 600 மீட்டர் ஏறினார், வாடினார், அரைபட்டார், நொதித்தார், காய்ந்தார், பி.ஓ.பி.எப். தரத்தில் சலிக்கப்பட்டார். நிறை: இல்லை. கழிவு: இல்லை. விழுந்த பேர் முழு. இரு கணக்கிலும் பிழையில்லை.

இதற்கு விளக்கம் கூற முற்பட்டோருள், அறிவுழைப்பை நிறுக்க முடியாது என்று முன்வாங்கு நெறியினர் கூறுவர். நிறுக்கத் தராசு கொண்டுவந்தால் அறிவுழைப்பாளர் சங்கம் அமைப்பர் என்று கடைவாங்கு நெறியினர் கூறுவர். நடுவாங்கு நெறியினர் உறங்கினர்.

மாலை ஆறரைக்கு இருவரும் காம்பராவின் முன்னிருக்கும் இஸ்தோப்பில் வந்து சேர்வர். அம்மா உள்ளங்கையில் கொஞ்சம் சீனியும் மறுகையில் சாயத் தேத்தண்ணியுமாக உட்காருவார்.

"இன்னைக்கு என்னா வேல தம்பி?"

"கூட்டம்மா."

"முடிஞ்சிச்சா?"

"இல்ல. அடுத்த கெழமையும் இருக்கு."

"அப்ப கொழுந்து மாதிரிதான். ஏழு நாளைக்கு ஒருக்கா அதே செடிக்குப் போகணும்."

தேயிலைக் கோட்பாட்டின் மூலத்தாளில் கறை மறைத்த மூன்றாம் வரி இதுவாகலாம். மறுநாள் பெரட்டுக்கு நேரமாகும் என்பதால் அம்மா படுத்துவிடுவார்.